இணைய அவையும் இன்சொல்லும்

மக்கள் பலர் ஒருங்கு கூடும் இடம் அவை எனப்படும். ஊர் மன்றமும், கோயில் மண்டபமும், பள்ளிக்கூடமும் பண்டுதொட்டு அவைகளாய் விளங்கின. இக்காலத்தில் கணிப்பொறியும் கைப்பேசியும் புதியதோர் அவையை அமைத்துத் தந்துள்ளன. அதனை இணைய அவை எனலாம். அவ்வவைக்குச் சுவர் இல்லை, கூரை இல்லை, கூடியிருப்போர் ஒருவர் முகத்தை ஒருவர் காண்பதும் அரிது. ஆயினும் அங்குப் பேசுவோரும் மக்களே, கேட்போரும் மக்களே. இனியவை கூறல், புறங்கூறாமை, பயனில சொல்லாமை, அவையறிதல் எனத் திருவள்ளுவர் தனித்தனி அதிகாரங்கள் வகுத்து உணர்த்திய நெறிகள் இப்புதிய அவைக்கும் உரியனவே ஆகும்.

விழுப்புரம் மாவட்டத்தில், மரக்காணத்து உப்பளக் கடற்கரைக்குத் தெற்கே, புதுச்சேரிக்கு அண்மையில் இரும்பை என்னும் சிற்றூர் உள்ளது. இவ்வூர்க் கோயில் திருஞானசம்பந்தரால் பாடப்பெற்றது. இறைவன் பெயர் மாகாளேசுவரர். இறைவி பெயர் குயில்மொழியம்மை. இனிய மொழியையே பெயராகக் கொண்ட அம்மை உறையும் அவ்வூரில், இகழ்மொழியால் விளைந்த கேட்டைக் கூறும் கதை ஒன்று வழிவழியாக வழங்கி வருகின்றது.

கடுவெளிச் சித்தர் என்பார் அங்கு அரசமரத்தடியில் நெடுங்காலம் தவம் இயற்றினாராம். நாட்டில் மழை பொய்த்துப் பஞ்சம் வந்தது. சித்தரின் கடுந்தவமே அதற்குக் காரணம் என்று எண்ணிய மன்னன், நடனமாது ஒருத்தியின் துணைகொண்டு அவர் தவத்தைக் கலைத்தான். பின்னர் மழை பொழிந்தது. கோயிலில் விழா எடுத்தனர். அவ்விழாவில் அம்மாது ஆடும்பொழுது அவள் காற்சிலம்பு கழன்று வீழ்ந்தது. ஆடல் தடைப்படலாகாது என்று கருதிய சித்தர், சிலம்பை எடுத்து அவள் காலில் அணிவித்தார். கண்டோர் அவர் உள்ளத்தை அறிந்தாரில்லை, கைகொட்டி நகைத்தனர், பழித்துப் பேசினர். மனம் புண்பட்ட சித்தர் இறைவனை நோக்கி முறையிட்டுப் பாட, சிவலிங்கம் வெடித்துச் சிதறியது என்பர். மன்னன் பிழை பொறுக்குமாறு வேண்டினான். சித்தர் மீண்டும் பாட, பிளவுபட்ட லிங்கம் ஒன்று கூடியதாம். செப்புத் தகட்டால் பிணிக்கப்பெற்ற லிங்கத்தை இன்றும் அக்கோயிலிற் காணலாம்.

இக்கதையைக் கேட்போர் சிந்தித்தற்குரிய செய்தி ஒன்று உண்டு. நகைத்தவர்கள் கொடியவர்கள் அல்லர், ஊர் மக்களே. அவர்கள் ஒரு செயலின் ஒரு பகுதியைக் கண்டனர். முழுமையும் கண்டதாக எண்ணினர். "யாது கருதி இங்ஙனம் செய்தீர்?" என்று ஒருவரும் வினவவில்லை. அருகில் நின்றவர் நகைத்தமையால் தாமும் நகைத்தனர். இணைய அவையில் நிகழும் பிழைகள் பெரும்பாலும் இத்தகையனவே. ஒரு படம் வருகின்றது. அதன் முன்னும் பின்னும் நிகழ்ந்தவை தெரிவதில்லை. ஒருவர் பழிக்கின்றார், நூறு பேர் அதனை வழிமொழிகின்றனர். ஒவ்வொருவரும் தாம் சொன்னது ஒரு சிறு சொல்லே என்று எண்ணுகின்றனர். பழிக்கப்பட்டவரோ நூறு சொற்களையும் ஒருங்கே தாங்க வேண்டியவராகின்றார்.

நேரிற் பேசும்பொழுது கேட்பவர் முகம் வாடுவதைக் கண்டு நாம் சொல்லை மாற்றிக் கொள்கின்றோம். குரலின் மென்மை சொல்லின் கடுமையைத் தணிக்கின்றது. எழுத்துக்கு முகமும் இல்லை; குரலும் இல்லை. ஆதலின் வேடிக்கையாக எழுதியதும் வசையாகத் தோன்றக் கூடும். மேலும், வாயினின்று பிறந்த சொல் காற்றோடு கலந்துவிடும். இணையத்தில் எழுதிய சொல்லோ படியெடுக்கப்பட்டு நெடுநாள் நிலைத்து நிற்கும். எழுதியவரே அழித்துவிடினும் அதன் படி பிறரிடம் எஞ்சியிருத்தல் கூடும்.

இவ்வுண்மையை இணையத்தை அமைத்தோர் தொடக்கத்திலேயே உணர்ந்தனர். 1995 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் இணைய ஒழுக்கம் பற்றிய வழிகாட்டுக் குறிப்பு ஒன்று அவர்களால் வெளியிடப்பட்டது. மடலைப் பெறுபவரும் ஒரு மனிதரே என்பதையும், அவருடைய பண்பாடும் மொழியும் நகைச்சுவையும் வேறாக இருக்கலாம் என்பதையும் மறத்தல் ஆகாது என்று அஃது அறிவுறுத்தியது. சினம் எழுந்தவுடன் விடை எழுதாமல் ஓரிரவு பொறுத்திருத்தல் நலம் என்றும், ஆங்கிலத்தில் முற்றும் பெரிய எழுத்துகளால் எழுதுதல் கூச்சலிடுதலை ஒக்கும் என்றும் அஃது எடுத்துரைத்தது.

பலர் கூடி நற்பணி ஆற்றுதற்கும் இவ்வொழுக்கமே துணை செய்கின்றது. 2003 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற தமிழ் விக்கிப்பீடியா என்னும் கலைக்களஞ்சியம் இதற்குச் சான்றாகும். பல நாடுகளில் வாழும் தமிழர் ஊதியம் கருதாது அதனை எழுதி வருகின்றனர். ஒருவர் எழுதியதை மற்றொருவர் திருத்தலாம். கருத்து வேறுபாடு தோன்றுமாயின், கட்டுரைக்கு உரிய உரையாடற் பக்கத்தில் காரணம் காட்டி வாதிடுதல் வேண்டும். எழுத்தைப் பற்றிப் பேசலாமேயன்றி எழுதியவரை இழித்துப் பேசுதல் கூடாது. பிறர் நல்லெண்ணத்துடனேயே செயற்பட்டார் என்று முதலிற் கொள்ளுதல் வேண்டும். புதியவர் பிழை செய்யின் பொறுமையுடன் கற்பித்தல் வேண்டும். இந்நெறிகளே ஒருவரை ஒருவர் கண்டறியாதோரையும் உடனுழைப்பாளர் ஆக்குகின்றன.

நாகாக்கத் தவறினால் உயிர்க்கேடும் விளையும். 2018 ஆம் ஆண்டு மே மாதத்தில், குழந்தைகளைக் கடத்துவோர் திரிகின்றனர் என்னும் பொய்ச்செய்தி கைப்பேசிகள் வாயிலாகத் தமிழகத்தின் வடமாவட்டங்களிற் பரவியது. அந்நாளில் சென்னையைச் சேர்ந்த முதிய பெண்மணி ஒருவர், உறவினருடன் குலதெய்வ வழிபாட்டிற்காகத் திருவண்ணாமலை மாவட்டத்துப் போளூர்ப் பகுதிக்குச் சென்றார். வழியிற் கண்ட சிறுவர்க்கு அன்புடன் இனிப்பு வழங்கினார். அவரைக் கடத்தல்காரர் என்று ஐயுற்ற கூட்டம் அடித்துக் கொன்றது. செய்தியை அனுப்பியவர் பலரும் ஊரைக் காப்பதாகவே எண்ணியிருத்தல் கூடும். ஆயினும் மெய்யா பொய்யா என்று ஆராயாமல் அனுப்பிய செய்தி ஓர் உயிரைக் கொள்ளை கொண்டது. இத்தகைய கொலைகள் இந்தியாவிற் பலவிடங்களில் நிகழ்ந்தமையால், ஒரே வேளையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஒரு செய்தியை அனுப்ப இயலாதவாறு வாட்ஸ்அப் நிறுவனம் அவ்வாண்டிலேயே இந்நாட்டில் வரம்பு விதித்தது. கருவிக்கு வரம்பு விதித்தல் எளிது. உள்ளத்துக்கு வரம்பு விதித்துக் கொள்ளுதலோ ஒவ்வொருவர் கடமையாகும்.

இன்சொல் என்பது வாய்மூடி இருத்தல் அன்று. பிழை கண்டவிடத்துப் பிழை என்று கூறுதல் வேண்டும். மாறுபட்ட கருத்தைத் துணிவுடன் உரைத்தல் வேண்டும். "நீர் கூறியது பொருந்தாது, காரணம் இது" என்பது வாதம். "நீர் அறிவிலி" என்பது வசை. முன்னது அறிவை வளர்க்கும். பின்னது பகையை வளர்க்கும். ஒருவரைப் பலர் சேர்ந்து எள்ளுவதைக் காணும் மாணவர் அக்கூட்டத்திற் சேராதிருத்தல் மட்டும் போதாது. எள்ளப்படுபவர்க்கு ஆறுதல் கூறுதல் வேண்டும். பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ தெரிவித்தல் வேண்டும். துன்புறும் சிறுவர்க்கு உதவுதற்கென 1098 என்னும் தொலைபேசி எண்ணும் உள்ளது.

மரக்காணத்து உப்பளங்களில் உழைப்போர் உவர்நீரைப் பாத்திகளிற் பாய்ச்சி, பல நாள் வெயிலிற் காயவைத்து, உப்பை விளைவிக்கின்றனர். பருவம் தவறிப் பெய்யும் ஒரு மழை அவ்வுழைப்பைச் சில நாழிகையிற் கரைத்துவிடுகின்றது. நட்பும் நம்பிக்கையும் அவ்வாறே பல நாளில் விளைவன. ஒரு கடுஞ்சொல்லாற் கரைவன. மழையைத் தடுத்தல் மனிதரால் ஆகாது. சொல்லைத் தடுத்தலோ ஆகும். விரல் எழுத்தைத் தொடுமுன், "இதனை அவர் எதிரில் நின்று கூறுவேனா?" என்று ஒருகணம் எண்ணிப் பார்ப்பவர் எவ்வவையிலும் நன்மதிப்புப் பெறுவர்.