கஞ்சாவைக் குறைத்தால் தூக்கம் போவது ஏன்... எத்தனை நாளில் திரும்பும்?

"அது இல்லாம எனக்குத் தூக்கமே வராது."

கஞ்சாவை விட வேண்டும் என்று நினைக்கும் பலரும் சொல்லும் காரணம் இது. பொய்யும் இல்லை. விடுவதென்று முடிவெடுத்த முதல் நாள் வைராக்கியத்தில் ஓடிவிடும். இரண்டாவது ராத்திரி புரண்டு புரண்டு படுத்தே விடிந்துவிடும். மூன்றாவது ராத்திரி 2 மணிக்கு, "தூங்குறதுக்காக மட்டும், இன்னைக்கு ஒருநாள்" என்று மனசு பேரம் பேச ஆரம்பிக்கும். பலருடைய முயற்சி உடைவது இந்த இடத்தில்தான்.

ஆனால், அந்தத் தூக்கமின்மைக்கு ஒரு காரணம் இருக்கிறது, ஒரு கால அட்டவணையும் இருக்கிறது. அது தெரிந்தால், மூன்றாவது ராத்திரியைத் தாண்டுவது கொஞ்சம் சுலபம்.

கஞ்சாவுக்கும் ‘வித்ட்ராயல்’ உண்டா?

உண்டு. "கஞ்சா மூலிகைதானே, அடிமையாக்காது" என்ற பேச்சு இன்னும் இருக்கிறது. மருத்துவ உலகம்கூட இதை முழுமையாக ஏற்கக் கொஞ்சம் காலம் ஆனது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டிஎஸ்எம் கையேடு, கஞ்சாவை நிறுத்தும்போது வரும் பாதிப்பைத் தனி நோய்நிலையாகச் சேர்த்தது 2013-ல்தான்.

எரிச்சல், பதற்றம், தூக்கமின்மை, பசியின்மை, நிலைகொள்ளாமை, மனச்சோர்வு ஆகியவை அதன் முக்கிய அறிகுறிகள். வயிற்றுவலி, வியர்வை, நடுக்கம், தலைவலியும் வரலாம். சுமார் 23 ஆயிரம் பேர் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2020-ல் வெளியான ஓர் அலசல், தொடர்ந்து பயன்படுத்தி நிறுத்தியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்தப் பாதிப்பு வருகிறது என்றது. எப்போதாவது ஒருமுறை புகைத்தவருக்கு இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது. தினமும், அதுவும் தூங்கும் முன் புகைத்துப் பழகியவருக்குத்தான் ராத்திரி கனக்கும்.

மூளையில் என்ன நடக்கிறது?

நம் மூளையே கஞ்சாவைப் போல வேலை செய்யும் சில ரசாயனங்களைச் சுரக்கிறது. 1992-ல் கண்டறியப்பட்ட அவற்றில் ஒன்றுக்கு ‘அனந்தமைடு’ என்று பெயர் வைத்தார்கள். ‘ஆனந்தம்’ என்ற சொல்லிலிருந்து வந்த பெயர்தான். இது மூளையில் உள்ள ‘சிபி1’ என்ற ஏற்பிகளில் போய் உட்கார்ந்து தூக்கம், பசி, மனநிலை போன்றவற்றைச் சீராக்க உதவுகிறது.

கஞ்சாவில் உள்ள டிஹெச்சி அதே இருக்கையைப் பிடித்துக்கொள்கிறது. தினமும் வெளியிலிருந்து அளவுக்கு அதிகமாக வந்தால், மூளை தன் பங்குக்கு ஏற்பிகளின் எண்ணிக்கையைக் குறைத்துவிடும். அதனால்தான் முன்பு ஒன்றில் வந்த தூக்கத்துக்கு இப்போது மூன்று தேவைப்படுகிறது. திடீரென நிறுத்தினால், வெளிச்சரக்கும் இல்லை, உள்ளே இருக்கைகளும் குறைவு. தூக்கம் தடுமாறுவது இதனால்தான்.

நல்ல செய்தி என்னவென்றால், இந்த மாற்றம் நிரந்தரமில்லை. நிறுத்திய இரண்டு நாட்களிலேயே ஏற்பிகள் மீளத் தொடங்குகின்றன, சுமார் நான்கு வாரங்களில் ஏறக்குறைய இயல்புநிலைக்கு வருகின்றன என்று மூளை ஸ்கேன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

கனவுகள் ஏன் பயமுறுத்துகின்றன?

"கஞ்சா அடிக்கிற வரைக்கும் கனவே வந்ததில்ல, விட்டதும் படம் படமா ஓடுது" என்பார்கள். கனவுகள் அதிகம் வருவது ‘ரெம்’ எனப்படும் தூக்கநிலையில். டிஹெச்சி அந்த நிலையைக் குறைத்துவிடுகிறது. நிறுத்தியதும், அடக்கி வைத்த ரெம் தூக்கம் மொத்தமாகத் திரும்பி வரும். கனவுகள் நீளமாக, பளிச்சென்று, சில சமயம் கெட்ட கனவாக வருவது இதனால்தான். மறுபடி கஞ்சா புகைப்பது போலவே கனவு வந்து, குற்ற உணர்வோடு எழுந்திருப்பவர்களும் உண்டு. இது புத்தி பேதலிப்பதன் அறிகுறி அல்ல, தூக்கம் பழைய வடிவத்துக்குத் திரும்புவதன் அறிகுறி.

எத்தனை நாள் இருக்கும்?

ஆளுக்கு ஆள் மாறினாலும், பொதுவான கணக்கு இது:

• 1 முதல் 3 நாள்: அறிகுறிகள் தொடங்கும். தூக்கம் பிடிக்க நேரமாகும், வியர்க்கும்.

• முதல் வாரம்: உச்சம். எரிச்சலும் தூக்கமின்மையும் அதிகமாக இருப்பது இப்போதுதான்.

• இரண்டாவது வாரம்: எரிச்சல், பசியின்மை பெரும்பாலும் அடங்கும்.

• அதன்பின்: தூக்கச் சிக்கலும் கனவுகளும்தான் கடைசியாகப் போகும். சிலருக்கு 30 நாட்களைத் தாண்டியும் நீடிக்கலாம்.

ஒரு மாதத்துக்கு மேலும் தூக்கம் மோசமாகவே இருந்தால், கஞ்சாவுக்கு முன்பே வேறு ஏதோ இருந்திருக்கலாம். மனச்சோர்வு, பதற்றநோய், குறட்டையோடு மூச்சு தடைபடும் நோய் போன்றவற்றை டாக்டர் பார்க்க வேண்டும்.

ஒரேயடியாக விடுவதா, குறைப்பதா?

இரண்டும் நடக்கிற வழிதான். அதிகம் பயன்படுத்தியவர்கள் படிப்படியாகக் குறைத்தால் அறிகுறிகளின் வேகம் தணியும். அதற்கு ஒரு கணக்கு வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை என்று எழுதி வைப்பது, பகலில் முதல் புகையைத் தள்ளிப்போடுவது, சில நாட்களுக்கு ஒருமுறை எண்ணிக்கையைக் குறைப்பது, கடைசித் தேதியை முன்பே குறித்துக்கொள்வது ஆகியவை உதவும். பகலில் குறைத்ததை ராத்திரியில் சேர்த்துப் புகைத்தால் அது குறைப்பதே இல்லை.

ஒரு எச்சரிக்கை: கஞ்சாவோடு தினமும் மதுவோ, தூக்க மாத்திரையோ, வலி மாத்திரையோ சேர்த்து எடுப்பவர்கள் வீட்டிலேயே எல்லாவற்றையும் சட்டென்று நிறுத்தக் கூடாது. குறிப்பாக மதுவையும் தூக்க மாத்திரையையும் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரை போகலாம். அவர்கள் மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

ராத்திரியைச் சமாளிப்பது எப்படி?

நாள்பட்ட தூக்கமின்மைக்கு மருத்துவர்கள் முதலில் பரிந்துரைப்பது மாத்திரையை அல்ல, ‘சிபிடி-ஐ’ எனப்படும் பழக்கமாற்றச் சிகிச்சையை. அதன் அடிப்படைகளை வீட்டிலேயே தொடங்கலாம்.

• எழும் நேரம் மாறக் கூடாது: எத்தனை மணிக்குத் தூங்கினாலும், காலையில் ஒரே நேரத்துக்கு எழ வேண்டும். எழுந்ததும் கொஞ்ச நேரம் வெயில் படட்டும். விட்ட தூக்கத்தைப் பகலில் பிடிக்கப் பார்த்தால் அன்று ராத்திரியும் போகும்.

• பாய் தூங்குவதற்கு மட்டும்: படுக்கையில் படுத்தபடி ரீல்ஸ் பார்ப்பது வேண்டாம். சுமார் 20 நிமிடத்தில் தூக்கம் வராவிட்டால் எழுந்து, மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்து, கண் சொக்கியதும் திரும்பிப் படுக்கலாம். ஒரே அறை வீடு என்றால் அறையின் வேறு மூலைக்கு நகர்ந்தாலும் போதும். கடிகாரத்தைப் பார்க்காமல் இருப்பது நல்லது.

• டீ, காபி மதியத்தோடு சரி: புகையை நிறுத்தியவர்களின் உடலிலிருந்து காஃபின் வெளியேற முன்பைவிட அதிக நேரம் ஆகும். முன்பு ஒத்துக்கொண்ட சாயங்கால டீ, இப்போது ராத்திரியைக் கெடுக்கலாம்.

• பீடி, சிகரெட்டையும் கவனிக்கணும்: நம் ஊரில் பலர் கஞ்சாவைப் புகையிலையோடு கலந்துதான் புகைக்கிறார்கள். நிக்கோட்டின் விழிப்பைத் தூண்டும் பொருள். கஞ்சாவை விட்டுவிட்டு பீடியைக் கூட்டினால் தூக்கம் இன்னும் தள்ளிப்போகும்.

• பகலில் உடம்பு அசையட்டும்: நடை, சைக்கிள், ஷட்டில் எதுவாக இருந்தாலும் சரி. வியர்வையில் நனைந்து எழுபவர்கள் ஒரு துண்டும் மாற்றுச் சட்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

வண்டி ஓட்டுபவர்கள், மெஷினில் வேலை செய்பவர்கள் முதல் வாரத்தில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். தூக்கம் கெட்ட கண்ணோடு நைட் டிரிப் எடுப்பது, கஞ்சா போதையில் ஓட்டுவதைப் போலவே ஆபத்து.

செய்யக் கூடாதது என்ன?

"ஒரு குவாட்டர் போட்டா தூங்கிடலாம்" என்று தோன்றும். மது சீக்கிரம் தூங்க வைக்கும், நடுராத்திரியில் எழுப்பியும் விடும். கஞ்சா போய் மது வந்தால் லாபம் எதுவும் இல்லை. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரையும் அப்படித்தான். சில வாரங்களிலேயே அதுவும் பழக்கமாகலாம். கஞ்சா வித்ட்ராயலுக்கென்றே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அங்கீகரித்த மருந்து எதுவும் இல்லை. தேவைப்பட்டால், குறைந்த நாட்களுக்கு எதைக் கொடுப்பது என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

ராத்திரி 3 மணிக்கு மகன் வாசலில் நிற்கிறான், காலையில் கண் சிவந்திருக்கிறது, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான். "மறுபடி ஆரம்பிச்சுட்டான்" என்ற முடிவுக்கு அம்மா வருவது இயல்பு. ஆனால், அவன் உண்மையிலேயே விட்டிருக்கிறான் என்பதாலும் இதெல்லாம் வரும். அந்த நேரத்தில் பாக்கெட்டைத் துழாவுவதைவிட, "தூக்கம் வரலையா?" என்று ஒரு வார்த்தை கேட்பது உதவும். பெரிய சண்டைகளை முதல் இரண்டு வாரம் தள்ளிவைக்கலாம்.

டாக்டரிடம் போனால் கேஸ் ஆகுமா?

இந்தப் பயத்தில்தான் பலர் தனியாகவே போராடுகிறார்கள். 2019-ல் வெளியான மத்திய அரசின் ஆய்வு, இந்தியாவில் சுமார் 72 லட்சம் பேருக்குக் கஞ்சா, பாங்கு போன்றவற்றால் வரும் சிக்கல்களுக்கு உதவி தேவை என்றது.

1985-ம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி கஞ்சா பயன்படுத்துவது குற்றம்தான். 6 மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் அதே சட்டத்தின் 64ஏ பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு தொடர்பாகவோ வழக்கில் சிக்கிய அடிமை ஒருவர், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மையத்தில் தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால், வழக்கு நடவடிக்கையிலிருந்து விலக்கு கிடைக்கும். சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கை இழக்க நேரிடலாம். போதைப் பழக்கம் சார்ந்த மனநலப் பாதிப்புகளும் 2017-ம் ஆண்டு மனநலச் சட்டத்துக்குள் வருகின்றன. நோயாளியின் விவரங்களை ரகசியமாக வைக்க வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் பொது விதி.

எப்போது உடனே உதவி தேவை?

தற்கொலை எண்ணம் வந்தாலோ, காதில் குரல் கேட்பது, யாரோ பின்தொடர்வதாகப் பயப்படுவது போன்றவை இருந்தாலோ, பல நாட்கள் ஒரு பொட்டுத் தூக்கம் இல்லாவிட்டாலோ காத்திருக்கக் கூடாது. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குச் செல்லலாம்.

போனில் பேச:

• தேசிய போதை மீட்பு உதவி எண்: 14446

• டெலி மானஸ் மனநல ஆலோசனை: 14416

• தமிழக அரசின் மருத்துவ உதவி எண்: 104

இடையில் ஒருநாள் தவறிப் புகைத்துவிட்டாலும், "எல்லாம் போச்சு" என்று மொத்தமாகத் திரும்பிப்போக வேண்டியதில்லை. அடுத்த நாளே மறுபடி தொடங்கலாம். எந்த ராத்திரி, எத்தனை மணிக்கு, என்ன காரணத்தால் உடைந்தது என்று குறித்து வைத்தால், அடுத்த முறை அந்த ராத்திரிக்குத் தயாராக இருக்க முடியும்.