கலாமின் கல்லூரித் தோழர்

ஐம்பதுகளில் குரோம்பேட்டை எம்.ஐ.டி. தமிழ்ச் சங்கம் ஒரு கட்டுரைப் போட்டி வைத்தது. நம் விமானத்தை நாமே செய்ய வேண்டும் என்று எழுதிய மாணவருக்கு முதல் பரிசு. கொடுத்தவர் ஆனந்த விகடன் ஆசிரியர் தேவன். வாங்கியவர் அப்துல் கலாம். பின்னாளில் எழுத்தால் ஊரைக் கட்டிப்போட்டவரோ, அதே கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் படித்த எஸ்.ரங்கராஜன். நம் சுஜாதா! அதற்கு முன்பு இருவருமே திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்தவர்கள்.

கலாம் ராக்கெட் பக்கம் போனார். ரங்கராஜன் பெங்களூரு பி.இ.எல். நிறுவனத்துக்குப் போனார், குறும்பையும் கூடவே எடுத்துக்கொண்டு. அவருடைய வக்கீல் கதைகளில் ஜூனியர் வசந்த், 'மெக்ஸிகோ சலவைக்காரி' ஜோக்கை எத்தனை தடவை ஆரம்பித்திருப்பான்! யாராவது குறுக்கே வந்துவிடுவார்கள். கடைசிவரை அந்த ஜோக்கை முழுசாகச் சொல்லவே இல்லை மனிதர். சிலிக்கன் சில்லைப் பற்றி எழுதும்போதும் இதே குஷிதான். வாத்தியார் தோரணை கிடையாது.

எழுத்தாளரைக் கொண்டாடுகிற நாம் இன்ஜினீயரை மறந்துவிடுகிறோம் என்பது என் குறை. மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் பி.இ.எல்.லில் உருவானபோது அதில் முக்கியப் பங்கு அவருக்கு உண்டு. 1982-ல் கேரளத்தின் பரவூரில் சில வாக்குச்சாவடிகளில் அதை முதன்முதலாக வைத்தார்கள். 2004 மக்களவைத் தேர்தலில் நாடு முழுக்க அதே பொத்தான்தான். அப்போது குடியரசுத் தலைவர் யார்? பழைய கல்லூரித் தோழர் கலாம்!

இனி நம் பக்கத்து ஆலைகளுக்கு வருவோம். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா போன் தயாரிக்கத் தொடங்கிய 2006-ல் சுஜாதா இருந்தார். ஒரகடத்தில் ரெனோ-நிஸான் கார் ஆலை திறந்த 2010-ல் இல்லை. 2008 பிப்ரவரி 27 அன்று, 72 வயதில் போய்விட்டார். இருந்திருந்தால் பாடி ஷாப்பில் தீப்பொறி பறக்க வெல்டிங் அடிக்கும் ரோபோக்களைப் பார்த்து, 'நம்ம ஜீனோவுக்குத் தூரத்துச் சொந்தம்' என்றிருப்பார். ஜீனோ, 'என் இனிய இயந்திரா'வில் அவர் படைத்த வாயாடி ரோபோ நாய்.

வண்டலூரில் விடியற்காலை கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் டிப்ளமோ, பி.இ. தம்பி தங்கைகளே, அவர் உங்கள் ஜாதி. நீங்கள் தினமும் கடக்கிற ஜி.எஸ்.டி. சாலையில்தான் படித்தவர். அடுத்த வார லீவில் ஒரு சுஜாதா எடுங்கள். ஜீனோவிலிருந்தே ஆரம்பிக்கலாம்.