பதினான்கே நாளில் சிவப்பழகு: கிரீம் டப்பாவுக்குள் இருப்பது என்ன?

அழகு சிகிச்சை என்றதும் கத்தி, ஊசி, ஆயிரக்கணக்கான வெள்ளி செலவு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஜோர்ஜ்டவுன் தனியார் மருத்துவமனைகளில் அதெல்லாம் நடக்கத்தான் செய்கிறது. ஆனால், தோட்டத்துப் பெண்ணுக்கும் பட்டணத்துப் பெண்ணுக்கும் ஒன்றுபோல் கைக்கு எட்டுவது முகத்தை வெளுக்க வைக்கும் கிரீம்தான். இரவுச் சந்தையில் கிடைக்கிறது, டிக்டாக் நேரலையில் கிடைக்கிறது. மருத்துவரைப் பார்க்க வேண்டியதில்லை. வீட்டில் யாருக்கும் தெரியவும் தெரியாது.

வாங்கத் தூண்டுவது விளம்பரம் மட்டுமல்ல. "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்பதைத் தமிழ்க் குடும்பங்களில் பாராட்டாகவே சொல்கிறார்கள். அந்த 'இருந்தாலும்' என்ன சொல்கிறது என்பது பத்து வயதுப் பிள்ளைக்கும் புரியும். இந்தியாவில் 1975இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி, 2020இல் 'ஃபேர்' என்ற சொல்லையே கைவிட்டு குளோ அண்ட் லவ்லி ஆனது. பெயர் மாறிவிட்டது. பெண் பார்க்க வருகிறவர்களின் முதல் கேள்வி மாறியதா?

ஆபத்து அதிகம் இருப்பது, தயாரித்தவர் யார் என்றே தெரியாத டப்பாக்களில். இவற்றில் பாதரசம் கலந்திருக்கலாம் என்று பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகளாக எச்சரித்து வருகிறது. தோலுக்கு நிறம் தருவது மெலனின். அது உருவாக உதவும் நொதிக்குச் செம்பு தேவை. பாதரசம் அந்த நொதியை முடக்கிவிடுவதால் நிறம் மளமளவென்று குறைகிறது. 'என்ன கிரீம் போடுறே?' என்று பக்கத்து வீட்டுப் பெண்ணும் கேட்டு வாங்குகிறாள். நிறுத்தினால் தோல் மறுபடி கறுக்கும். பயந்துபோய் அடுத்த டப்பாவும் வாங்க வேண்டியதுதான்.

பாதரசம் தோலோடு நிற்பதில்லை. இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் தங்குகிறது. கேரளாவின் மலப்புரம் மாவட்டத்தில் மருத்துவர்கள் இதை நேரிலேயே கண்டார்கள். 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரில் புரதம் வெளியேறும் ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை அவர்கள் ஆராய்ந்தனர். அவர்களில் 15 பேருக்கு அந்நோயின் அரிய வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசி வந்தவர்கள். பூசுகிறவருக்கு மட்டும்தான் கேடு என்றும் சொல்ல முடியாது. துண்டு, தலையணை உறை, அம்மாவின் கன்னம் வழியாகப் பிள்ளைகளுக்கும் போகும். கர்ப்பிணிகள் இதன் பக்கமே போகக்கூடாது.

மலேசியாவில் அழகுப் பொருள்களில் பாதரசம், ஹைட்ரோகுயினோன், டிரெட்டினோயின் சேர்க்கத் தடை உண்டு. பின்னவை இரண்டும் மருத்துவர் எழுதித் தர வேண்டிய மருந்துகள். தடையை மீறி விற்கும் தனிநபருக்கு முதல் குற்றத்துக்கே 25,000 வெள்ளி வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஆனாலும் சரக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது. ஒரு முகநூல் கணக்கை மூடினால் இன்னொன்று திறக்க எவ்வளவு நேரமாகும்?

முறையான அழகுப் பொருளுக்கு என்.ஓ.டி. என்று தொடங்கும் அறிவிக்கை எண் இருக்க வேண்டும். டப்பாவில் எண் அச்சிட்டிருப்பது மட்டும் போதாது. யாரும் எதையும் அச்சிடலாம். சுகாதார அமைச்சின் கீழ் இயங்கும் என்.பி.ஆர்.ஏ. இணையத்தளத்தில் தேடினால் அந்த எண் அதே பொருளுக்கு உரியதா, ரத்தானதா என்று தெரியும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த எண், அரசு முன்கூட்டியே சோதித்துக் கொடுத்த சான்றிதழ் அல்ல. நிறுவனம் அறிவித்துவிட்டு விற்கிறது. சோதனை பெரும்பாலும் கடைக்கு வந்த பிறகுதான். அதனால்தான் விற்பனையில் இருந்த கிரீம்களின் அறிவிக்கை அவ்வப்போது ரத்தாகிறது.

தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பூசவும் என்று எழுதியிருந்தால் அந்த டப்பாவைத் தொடவே வேண்டாம். பாதரசம் தங்கத்தோடும் வெள்ளியோடும் ஒட்டிக்கொள்ளும். கெலோமெல், மெர்க்குரிக், மெர்க்குரியோ என்ற சொற்களும் பாதரசத்தையே குறிப்பவை.

ஏற்கனவே பூசி வருபவர்கள் உடனே நிறுத்தலாம். காலையில் கண்ணைச் சுற்றி வீக்கம், கணுக்காலில் வீக்கம், சிறுநீரில் அடங்காத நுரை இருந்தால் கிளினிக்குக்குப் போகத் தாமதிக்கக்கூடாது. சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனையிலேயே புரதம் தெரிந்துவிடும். சீனி, இரத்த அழுத்தம் பற்றி மருத்துவரே கேட்பார். முகத்துக்கு என்ன பூசுகிறீர்கள் என்று கேட்காமல் விடலாம். கூச்சப்படாமல் டப்பாவையும் ஒரு பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி எடுத்துப் போய்க் காட்டுங்கள்.