ஸ்டாக்ஃபிஷ் வைத்த செக்

குகேஷோ பிரக்ஞானந்தாவோ ஆடும் ஆட்டத்தை நேரலையில் பார்ப்பவர்கள், பலகை ஓரத்தில் ஏறி இறங்கும் பட்டையைக் கவனித்திருப்பார்கள். யார் கை ஓங்கியிருக்கிறது என்று காட்டும் அந்தக் கணக்கைப் பெரும்பாலும் போடுவது ஸ்டாக்ஃபிஷ். 2008இல் பிறந்த இந்த செஸ் மென்பொருளை யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், காசுக்கும் விற்கலாம்.

ஆம், விற்கலாம். அதன் ஜிபிஎல் உரிமம் வியாபாரத்தைத் தடுப்பதில்லை. விற்பவர் மூல நிரலையும் அதே உரிமத்தையும் வாங்குபவருக்குச் சேர்த்துத் தர வேண்டும், அவ்வளவுதான்.

ஜெர்மனியின் செஸ்பேஸ் நிறுவனம் சறுக்கியது இங்கேதான். 2021 பிப்ரவரியில் ‘ஃபேட் ஃபிரிட்ஸ் 2’ என்ற மென்பொருளைச் சுமார் 100 யூரோவுக்கு அது விற்பனைக்கு விட்டது. நியூரல் நெட்வொர்க்கும் சில சில்லறை மாற்றங்களும் போக, மீதியெல்லாம் தங்கள் நிரல்தான், அதன் உரிமத்தை வாங்குபவர்களுக்குச் சரியாகச் சொல்லவில்லை என்றது ஸ்டாக்ஃபிஷ் குழு. சம்பளம் வாங்காமல் எழுதுகிறவர்கள் வழக்குப் போட மாட்டார்கள் என்று நிறுவனம் நினைத்ததோ என்னவோ, ஜூலையில் மியூனிக் நீதிமன்றத்துக்குப் போய்விட்டார்கள்.

ஜிபிஎல் மூன்றாம் பதிப்பின் நிபந்தனையை மீறினால் உரிமம் பறிபோகும். முதல் மீறலாக இருந்து, நோட்டீஸ் வந்த 30 நாளுக்குள் சரிசெய்தால் திரும்பக் கிடைக்கும். செஸ்பேஸின் மீறல் ஒருமுறையோடு நிற்கவில்லை என்று சொல்லி, அது விற்ற ‘ஹூடினி 6’ என்ற இன்னொரு மென்பொருளையும் சேர்த்து, உரிமத்தை நிரந்தரமாக ரத்துசெய்தது குழு. மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்த 2022இலும் வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. அந்த நவம்பரில் சமரசம்: ஸ்டாக்ஃபிஷ் நிரல் உள்ள எதையும் செஸ்பேஸ் ஓராண்டுக்கு விற்கக் கூடாது, கட்டற்ற மென்பொருள் உரிமங்களைக் கவனிக்கவே ஓர் அலுவலரை நியமிக்க வேண்டும்.

செஸ்பேஸுக்கு மட்டும் வரும் தலைவலி இல்லை இது. கீழ்பென்னாத்தூரில் ஓர் இளைஞர் நெல் வியாபாரிகளுக்கு பில் போடும் மென்பொருள் எழுதி விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பில்லை பிடிஎஃப் ஆக்க இணையத்திலிருந்து ‘ஐடெக்ஸ்ட்’ என்ற நிரல் தொகுப்பை இறக்கிச் சேர்க்கிறார். இரண்டே நிமிட வேலை. ஆனால், ஐந்தாம் பதிப்பிலிருந்து அதன் இலவச வடிவம் ஏஜிபிஎல் உரிமத்தில் வருகிறது. அது ஜிபிஎல்லைவிடக் கறார்: மென்பொருளைக் கையில் கொடுக்காமல் சர்வரில் ஓட்டி இணையவழி பயன்படுத்த விட்டாலும், பயனாளிக்கு மூல நிரல் கிடைக்க வேண்டும். நிரலைத் தர மனமில்லை என்றால் வணிக உரிமத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். நம் 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலையும் இலக்கியப் படைப்பாகவே பார்ப்பதால், ‘நெட்டில் சும்மா கிடந்தது’ என்ற சமாதானம் எடுபடாது.

எம்ஐடி, அப்பாச்சி போன்ற உரிமங்களில் இந்த நெருக்கடி இல்லை. எழுதியவர் பெயரையும் உரிம வாசகத்தையும் அழிக்காமல் வைத்தாலே பெரும்பாலும் போதும், சொந்த நிரலைப் பூட்டி வைத்துக்கொள்ளலாம். ஐடெக்ஸ்ட்டுக்குப் பதிலாக அப்பாச்சி உரிமத்தில் ‘பிடிஎஃப்பாக்ஸ்’ இருக்கிறது. ஆனால், அதற்கு மாறுவதற்கு முன், வாடிக்கையாளர் பெயரில் வரும் கொம்பும் காலும் அச்சில் சரியான இடத்தில் விழுகின்றனவா என்று ஒரு தமிழ் பில்லை அடித்துப் பார்த்துவிட வேண்டும்.