துணி டயப்பர் உண்மையிலேயே சிக்கனமானதா? வாங்கும் முன் பெற்றோர் போட வேண்டிய கணக்கு

குழந்தை பிறந்த வீட்டின் மாதச் செலவுப் பட்டியலில் டயப்பருக்கு இன்று நிரந்தர இடம் உண்டு. ஒருமுறை பயன்படுத்தி வீசும் டயப்பர்கள் வசதியானவை. ஆனால், இரண்டு ஆண்டுகள் வரை தொடரும் அந்தச் செலவு பல குடும்பங்களுக்குச் சுமையாக இருக்கிறது. குழந்தைகளுக்கான நாப்கின்கள் மீதான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. எனினும், நாளொன்றுக்கு ஐந்தாறு முறை மாற்ற வேண்டிய பொருளில் அந்தக் குறைப்பு தரும் ஆறுதல் சிறியதே.

இதனால் துவைத்து மீண்டும் பயன்படுத்தும் துணி டயப்பரை நாடும் பெற்றோர் பலர். அவர்களில் சிலர் விலை உயர்ந்த டயப்பர்களை மொத்தமாக வாங்கிவிட்டு, மழைக்காலத்தில் அவை உலராமல் தவித்து, சில வாரங்களிலேயே பழைய முறைக்குத் திரும்பிவிடுகின்றனர். அப்போது செலவு இரட்டிப்பாகிறது. துணி டயப்பர் தரும் சேமிப்பு, அதைத் துவைத்து உலர்த்த வீட்டில் உள்ள ஏற்பாட்டைப் பொறுத்தே அமைகிறது. எந்த வகையை, எத்தனை எண்ணிக்கையில் வாங்குவது, எப்படிப் பராமரிப்பது என்பதை இத்தொகுப்பில் காண்போம்.

எவ்வளவு மிச்சமாகும்?

ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 6 டயப்பர்கள், ஒன்றின் விலை ரூ.10 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஆண்டுகளுக்கு 4,380 டயப்பர்கள் தேவைப்படும். மொத்தச் செலவு ரூ.43,800.

இதே காலத்துக்குத் துணி டயப்பர் பயன்படுத்தும் குடும்பம், தலா ரூ.450 விலையில் 12 டயப்பர்கள் (ரூ.5,400), தலா ரூ.100 விலையில் 12 கூடுதல் உறிஞ்சு பட்டைகள் (ரூ.1,200), பிறந்த குழந்தைக்குத் தலா ரூ.40 விலையில் 24 முடிச்சுத் துணிகள் (ரூ.960), வாளி, கிளிப் போன்றவை (ரூ.500) வாங்குவதாகக் கொண்டால், தொடக்கச் செலவு ரூ.8,060 ஆகும். சோப்பு, தண்ணீர், மின்சாரத்துக்கு மாதம் ரூ.200 வீதம் ரூ.4,800 சேரும். இரவில் மட்டும் கடை டயப்பர் ஒன்று பயன்படுத்தினால் மேலும் ரூ.7,300. ஆக மொத்தம் ரூ.20,160. மிச்சம் ரூ.23,640.

அதே குடும்பம் தலா ரூ.900 விலையில் 30 டயப்பர்களை வாங்கினால், அதற்கு மட்டும் ரூ.27,000 செலவாகும். துவைக்கும் செலவையும் இரவு டயப்பரையும் சேர்த்தால் ரூ.39,100. மிச்சம் ரூ.4,700 மட்டுமே. இந்தத் தொகைகள் விளக்கத்துக்காகப் போட்ட கணக்குதான். தத்தம் ஊர் விலையை வைத்து ஒவ்வொரு குடும்பமும் இதைப் போட்டுப் பார்க்கலாம். குறைவாக வாங்கி முழுமையாகப் பயன்படுத்துவோருக்கே லாபம் என்பது இதிலிருந்து விளங்கும்.

நான்கு வகைகள்

இந்தியக் குடும்பங்களுக்குத் துணி டயப்பர் புதிதல்ல. வங்கத்தின் காந்தா, பிகாரின் சுஜனி ஆகிய தையல் கலைகள், பழைய புடவைகளை அடுக்கித் தைத்துக் குழந்தைகளுக்குப் பயன்படுத்திய வழக்கத்தோடு தொடர்புடையவை. இன்று சந்தையில் கிடைப்பவற்றை நான்காகப் பிரிக்கலாம்.

முதலாவது, மடித்துக் கட்டும் சாதாரணப் பருத்தித் துணி. வட மாநிலங்களில் லங்கோட் எனப்படும் முடிச்சுத் துணியும் இதில் அடங்கும். விலை மிகக் குறைவு. பிரித்து விரித்தால் ஒற்றை அடுக்காகிவிடுவதால் மிக விரைவில் உலரும். ஆனால் ஈரத்தை வெளியே விடும்.

இரண்டாவது, உள்ளே பருத்தித் துணி, மேலே நீர் புகாத உறை என இரண்டு பகுதிகளைக் கொண்டது. குழந்தை சிறுநீர் கழித்தால் உள்துணியை மட்டும் மாற்றினால் போதும். உறையைத் துடைத்து, மலம் படாத வரை இரண்டு மூன்று முறை பயன்படுத்தலாம். சிக்கனத்தை முதன்மையாகக் கருதுவோருக்கு ஏற்றது இதுவே.

மூன்றாவது, பாக்கெட் டயப்பர். இதன் உட்புறம் பை போலத் தைக்கப்பட்டிருக்கும். அதனுள் இன்சர்ட் எனப்படும் உறிஞ்சு பட்டையைச் செருகிப் பயன்படுத்த வேண்டும். பட்டையைத் தனியே எடுத்து உலர்த்தலாம். எனினும், ஒவ்வொரு முறையும் டயப்பர் முழுவதையும் மாற்ற வேண்டியிருக்கும்.

நான்காவது, உறையும் உறிஞ்சு பட்டையும் ஒன்றாகத் தைக்கப்பட்டது. கடை டயப்பரைப் போலவே எளிதாக அணிவிக்கலாம். ஆனால் விலை அதிகம், உலரவும் நீண்ட நேரம் பிடிக்கும்.

உறிஞ்சு பட்டையின் இழையையும் கவனிக்க வேண்டும். மைக்ரோஃபைபர் ஈரத்தை விரைவாக இழுக்கும், ஆனால் அழுத்தினால் கசியும். அது தோலை வறளச் செய்யும் என்பதால் குழந்தையின் உடலில் நேரடியாகப் படக் கூடாது. பருத்தி, சணல் போன்ற இயற்கை இழைகள் மெதுவாக உறிஞ்சினாலும் அதிக அளவைத் தாங்கும். புதிய பருத்திப் பட்டைகள் நான்கைந்து முறை துவைத்த பிறகே முழுத் திறனை எட்டும். முதல் நாளிலேயே கசிகிறது என்று அவற்றை ஒதுக்கிவிட வேண்டியதில்லை.

எத்தனை வாங்குவது?

இதற்கான விடை வீட்டின் தட்பவெப்பத்திலும் தண்ணீர்க் குழாயிலும் இருக்கிறது. ஒரு நாளில் எத்தனை முறை மாற்றுகிறோம் என்பதை, துவைத்த துணி மீண்டும் கைக்கு வர ஆகும் நாள்களால் பெருக்க வேண்டும். நாளுக்கு ஆறு முறை மாற்றி, தினமும் துவைத்து, மறுநாள் எடுத்துக்கொள்ள முடிந்தால் 12 போதும். உலர இரண்டு நாள் பிடித்தால் 18 தேவைப்படும்.

ராஜஸ்தான் போன்ற வறண்ட பகுதிகளில் பெரும்பாலான மாதங்கள் சில மணி நேரத்தில் துணி காய்ந்துவிடும். அங்கே தண்ணீரே சிக்கல். 2024 கோடையில் பெங்களூரு எதிர்கொண்டது போன்ற தட்டுப்பாட்டின்போது தினமும் துவைப்பது கடினம். அத்தகைய நாள்களில் கடை டயப்பருக்கு மாறுவதில் தவறில்லை.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை பெய்யும் மும்பையிலும், குளிர்காலப் பனிமூட்டத்தில் சூரியனைக் காணாத டெல்லியிலும் உலர்த்துவதே சவால். நீர் புகாத உறை விரைவில் காய்ந்துவிடும், தடித்த பட்டைகள்தான் தாமதமாகும். எனவே மழைக்காலத்துக்காக முழு டயப்பர்களைக் கூடுதலாக வாங்காமல், உள்துணிகளை மட்டும் அதிகப்படுத்துவது சிக்கனம். ஒற்றை அடுக்காக விரியும் துணி இக்காலத்தில் பெரிதும் உதவும். அதில் எஞ்சும் ஈரத்தை இஸ்திரி போட்டுப் போக்கலாம். நீர் புகாத உறைக்கு இஸ்திரி போடக் கூடாது, அதன் பூச்சு உருகிவிடும்.

அளவும் பொருத்தமும்

பட்டன்களால் அளவை மாற்றிக்கொள்ளும் டயப்பர்கள் பெரும்பாலும் ஏறத்தாழ 5 கிலோ எடை முதல் பொருந்தும். எனவே பிறந்த குழந்தைக்கு முதல் சில வாரங்கள் முடிச்சுத் துணியே ஏற்றது.

அணிவித்த பின் இடுப்பில் இரண்டு விரல்கள் நுழையும் அளவு இடைவெளி இருக்க வேண்டும். கால் எலாஸ்டிக், தொடையின் மீது இறங்காமல் இடுக்கு மடிப்பில் பொருந்த வேண்டும். உள்துணியின் ஓரம் உறைக்கு வெளியே தெரிந்தால், அதன் வழியே ஈரம் ஆடைக்குப் பரவும். கசிவு குறித்த புகார்கள் பலவற்றுக்கு இதுவே காரணம்.

துவைக்கும் முறை

மலத்தை முதலில் கழிப்பறையில் தட்டிவிட வேண்டும். கைக்குழந்தையின் மலம் தீங்கற்றது என்ற நம்பிக்கை தவறானது. பெரியவர்களின் மலத்தைப் போலவே அதிலும் நோய்க்கிருமிகள் இருக்கும். எனவே டயப்பரை மாற்றியதும் சோப்பு போட்டுக் கை கழுவுவது கட்டாயம்.

சிறுநீர் பட்ட துணியைக் குழாய் நீரில் அலசி, காற்றோட்டமுள்ள கூடையில் போட்டு வைக்கலாம். நாள் கணக்கில் ஊற வைத்தால் துர்நாற்றம் கூடும், எலாஸ்டிக்கும் தளரும். நீர் நிறைந்த வாளி, தவழும் குழந்தைக்கு உயிராபத்தை விளைவிக்கக்கூடியது என்பதையும் மறக்கக் கூடாது.

துவைக்கும்போது முதலில் குளிர்ந்த நீரில் அலசிவிட்டு, பின்னர் சோப்புத் தூளுடன் முழுமையாகத் துவைக்க வேண்டும். தூள் மிகக் குறைந்தால் அமோனியா வாடை தங்கும், மிகுந்தால் இழைகளில் படிந்து உறிஞ்சும் திறனைக் குறைக்கும். துணியை மென்மையாக்கும் திரவம் கூடவே கூடாது. அது இழைகளின் மேல் படலமாகப் படியும். கிருமிநாசினித் திரவமும் அன்றாடத் தேவையில்லை. அது சரியாக அலசப்படாமல் தங்கினால் தோலில் எரிச்சல் உண்டாகலாம்.

பல மாதங்கள் பயன்படுத்திய பட்டை திடீரெனக் கசிந்தால், அதன் மேல் ஒரு கரண்டி நீரை ஊற்றிப் பார்க்கலாம். நீர் உள்ளே இறங்காமல் மணிகளாக நின்றால் சோப்புப் படிவு சேர்ந்துள்ளது என்று பொருள். நுரை வராத வரை வெறும் நீரில் பலமுறை அலசினால் சரியாகும். உள்துணிகளை வெயிலிலும், உறைகளை நிழலிலும் உலர்த்துவது நல்லது.

தோல் சிவந்தால்

துணி அணிவித்தாலே தோல் சிவக்காது என்பது சரியல்ல. கடை டயப்பரில் உள்ள உறிஞ்சு பொருள் ஈரத்தைத் தோலிலிருந்து விலக்கி வைக்கும். துணியில் அந்த வசதி இல்லாததால் இரண்டு முதல் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மலம் கழித்தால் உடனடியாக மாற்ற வேண்டும். நாளில் சிறிது நேரம் டயப்பரே இன்றிக் காற்றாட விடுவதும் பலன் தரும்.

துத்தநாகக் களிம்பு தடவும்போது மெல்லிய துணி ஒன்றை இடையில் வைத்தால், களிம்பு டயப்பரில் படிவதைத் தவிர்க்கலாம். முகப்பவுடரைத் தூவுவது நல்லதல்ல, அதன் துகள்கள் குழந்தையின் மூச்சுக்குழலில் செல்லக்கூடும். அடர் சிவப்புத் திட்டும் அதைச் சுற்றிச் சிறு புள்ளிகளும் தோன்றினால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அப்போதும், இரண்டு மூன்று நாள்களில் குணமாகாவிட்டாலும் மருத்துவரை அணுக வேண்டும்.

பழைய துணியில் மறைந்துள்ள ஆபத்து

மூத்த குழந்தையின் டயப்பர்களை இளைய குழந்தைக்குப் பயன்படுத்துவது சேமிப்பை இரட்டிப்பாக்கும். ஆனால் அவை அலமாரியில் நாப்தலீன் அந்துருண்டைகளோடு வைக்கப்பட்டிருந்தால் எச்சரிக்கை தேவை. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாட்டுடன் பிறந்த குழந்தைகளுக்கு, நாப்தலீன் தோல் வழியாகவோ மூச்சு வழியாகவோ சென்றால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து கடுமையான மஞ்சள் காமாலையும் இரத்தசோகையும் ஏற்படலாம். இக்குறைபாடு இந்தியாவிலும் காணப்படுகிறது. அது இருப்பதைப் பெற்றோர் முன்கூட்டியே அறிந்திருப்பது அரிது.

ஆகவே குழந்தைத் துணிகள் உள்ள இடத்தில் அந்துருண்டை வைக்கவே கூடாது. அந்த வாடை வீசும் பழைய டயப்பரைத் தவிர்ப்பதே பாதுகாப்பானது.

குப்பையும் சுற்றுச்சூழலும்

பயன்படுத்திய டயப்பர்களைப் பாதுகாப்பாகப் பொதிந்தே ஒப்படைக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் கூறின. நடைமுறையில் அவை பிற குப்பையோடு கலந்து, தூய்மைப் பணியாளர்களின் வெறும் கைகளுக்கே வருகின்றன. புணேயில் கழிவு சேகரிப்போரின் கூட்டுறவு அமைப்பான ஸ்வச், இத்தகைய கழிவைக் காகிதத்தில் சுற்றிச் சிவப்புப் புள்ளியிட்டுத் தருமாறு குடும்பங்களைக் கேட்டுக்கொள்ளும் இயக்கத்தை நடத்தியது. துணி டயப்பர் இந்தச் சுமையைப் பெருமளவு குறைக்கிறது.

எனினும், துணி என்றாலே சுற்றுச்சூழலுக்கு உகந்தது என்று சொல்லிவிட முடியாது. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2008-இல் வெளியிட்ட ஆய்வில், இரு வகை டயப்பர்களின் கார்பன் தாக்கமும் சராசரியாக ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தது. இயந்திரம் நிறையத் துணி போட்டுத் துவைத்து, கொடியில் உலர்த்தி, அடுத்த குழந்தைக்கும் பயன்படுத்தினால் துணியின் தாக்கம் சுமார் 40 சதவீதம் குறைந்தது. கொடியில் உலர்த்துவது வழக்கமான இந்திய வீடுகளுக்கு இது சாதகமான செய்தி.

கணக்கில் வராத உழைப்பு

மேற்கண்ட கணக்கில் சேராத செலவு ஒன்று உண்டு. அது துவைப்பவரின் உழைப்பு. பிரசவத்திலிருந்து உடல் தேறிவரும் தாயின் தோளிலேயே அது பெரும்பாலும் விழுகிறது. வீட்டின் சேமிப்பு அவருடைய உறக்கத்தைப் பறித்து வருவதாக இருக்கக் கூடாது. அலசுவதையும் உலர்த்துவதையும் தந்தையோ வீட்டிலுள்ள மற்றவர்களோ பொறுப்பேற்றுக்கொண்டால்தான் இந்த முறை நிலைக்கும்.

முதலில் இரண்டு உறைகள், ஆறு உள்துணிகள் மட்டும் வாங்கி, பகல் வேளைகளில் இரண்டு வாரம் பயன்படுத்திப் பார்க்கலாம். பயணம், இரவு, வயிற்றுப்போக்கு ஏற்படும் நாள்கள் ஆகியவற்றுக்குக் கடை டயப்பரை வைத்துக்கொள்ளலாம். துணி காய எத்தனை மணி நேரம் ஆனது, யார் துவைத்தார்கள், குழந்தையின் தோல் எப்படி இருந்தது ஆகிய மூன்றையும் கவனித்த பிறகு, மேலும் எத்தனை வாங்குவது என்பதை முடிவு செய்வதே நலம்.