எச்.பி.வி. ஊசி பெண்களுக்கு மட்டுமா?



கர்ப்பப்பை வாய் புற்றுநோய் பற்றி நம் குழுக் கூட்டங்களில் பேசியிருக்கிறோம். அதற்குக் காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ் கிருமி. அதைத் தடுக்க ஊசி இருப்பதும் பலருக்குத் தெரியும். ஆனால், "அது பொம்பளைங்க சமாச்சாரம்" என்று ஆண்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். இது சரிதானா?

ஆண்களுக்கும் வருமா?

வரும். உடலுறவின்போது தோலோடு தோல் படுவதால் பரவும் கிருமி இது. ஆணுறை போட்டாலும் முழுப் பாதுகாப்பு கிடையாது. பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு வருஷத்தில் தானாகவே போய்விடும். போகாமல் தங்கிவிட்டால் பல வருஷம் கழித்துப் புற்றுநோய் ஆகலாம். ஆண்களுக்கு ஆசனவாய், ஆணுறுப்பு, தொண்டை ஆகிய இடங்களில் வரலாம். பிறப்புறுப்பில் மருவும் வரும்.

ஆஸ்திரேலியாவில் நடந்தது என்ன?

அங்கே 2007-ல் பெண் பிள்ளைகளுக்கு இந்த ஊசி போட ஆரம்பித்தார்கள். சில வருஷத்தில் இளம் பெண்களிடம் மரு நோய் வெகுவாகக் குறைந்தது. ஊசியே போடாத இளைஞர்களிடமும் குறைந்தது. ஏன்னா, அவர்களின் துணைவிகளிடம் கிருமி இல்லை.

ஆனால் ஒரு சாராருக்கு மட்டும் குறையவில்லை. ஆண்களையே விரும்பும் ஆண்கள்தான் அவர்கள். பெண்களுக்குப் போட்ட ஊசி அவர்களுக்குக் கவசம் ஆகவில்லை. ஆசனவாய்ப் புற்றுநோயும் மற்ற ஆண்களைவிட அவர்களுக்குத்தான் அதிகம். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல்.

ஊசி கொடுத்தால் போட்டுக்கொள்வார்களா?

இங்கிலாந்தில் 2018 முதல் ஆண்களையோ, ஆண் பெண் இருபாலரையுமோ விரும்பும் ஆண்களுக்கு, 45 வயது வரை, பால்வினை நோய் சிகிச்சை மையங்களில் இந்த ஊசியை இலவசமாகப் போடுகிறார்கள். ஊசி இருந்தால் மட்டும் போதாது, மனசும் வரணும் இல்லையா? இதைப் பற்றிப் பல நாடுகளில் ஆய்வு செய்திருக்கிறார்கள். தெரியவந்தது இதுதான்:

* இது பெண்களின் நோய், நமக்கு வராது என்று பலர் நினைக்கிறார்கள்.
* டாக்டரோ நர்ஸோ "போட்டுக்கங்க" என்று சொன்னால் மனசு வருகிறது.
* தான் யாரை விரும்புகிறேன் என்று டாக்டரிடம் சொல்ல முடிந்தவர்கள்தான் அதிகம் போட்டுக்கொள்கிறார்கள். சொல்லப் பயப்படுகிறவர்கள் வெளியிலேயே நின்றுவிடுகிறார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கிருமி உடம்பில் புகுமுன் போட்டால்தான் ஊசிக்கு முழுப் பலன். வந்த கிருமியை அது விரட்டாது. பயம் தெளிந்து ஒருவர் மையத்துக்கு வரும்போது வயசு 25, 30 ஆகியிருக்கும்.

இதற்கு நல்ல வழி, பள்ளியிலேயே எல்லாப் பையன்களுக்கும் போடுவது. ஆஸ்திரேலியாவில் 2013-லும் இங்கிலாந்தில் 2019-லும் இதைத் தொடங்கினார்கள். அங்கே எந்தப் பிள்ளையும் "நான் இப்படி" என்று சொல்லத் தேவையில்லை.

நம் ஊரில்?

புனேயில் தயாராகும் செர்வாவேக் ஊசிக்கு 2022-ல் அனுமதி கிடைத்தது. 9 முதல் 26 வயது வரை ஆண், பெண் இருவருக்கும் போடலாம். நம் நாட்டில் வருஷத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய் புற்றுநோய் வருவதால், பெண் குழந்தைகளுக்கு முதலிடம் தருவது நியாயமே. அதற்காக ஆண் பிள்ளைகளை மறந்துவிட வேண்டாம்.

தன்பால் உறவு குற்றமில்லை என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிவிட்டது. ஆனால் ஊர் வாய்க்குப் பயந்து மறைத்து வாழ்பவர்கள் நம் கிராமங்களிலும் உண்டு. அவர்களும் யாரோ ஒரு தாய் பெற்ற பிள்ளைகள்தான்.

நாம் செய்யக்கூடியவை:

1. அடுத்த கூட்டத்துக்கு நர்ஸம்மாவை அழைத்து, மகளுக்கும் மகனுக்கும் சேர்த்தே இந்த ஊசி பற்றிக் கேட்போம்.
2. ஊசி போட்டிருந்தாலும், 30 வயதுக்கு மேற்பட்ட பெண்கள் கர்ப்பப்பை வாய் பரிசோதனையை விடக்கூடாது.
3. பிள்ளை எதையாவது சொல்லத் தயங்கினால் கேலி பேசாமல் காது கொடுப்போம். வீட்டில் சொல்ல முடிந்த பிள்ளைக்கு டாக்டரிடமும் சொல்லத் தைரியம் வரும்.