குப்பையைக் கொளுத்தாதீர்கள்!

கீழ்க்கட்டளைக்குப் பக்கத்தில், பெருங்குடி குப்பைக் கிடங்கு 2022 ஏப்ரல் 27-ல் தீப்பிடித்து, நாள் கணக்கில் புகைந்தது. அந்தப் புகைக்கு அலறிய நாமே, 'ரெண்டு பிளாஸ்டிக் கவர்தானே டாக்டர்!' என்று வாசலில் கொளுத்துகிறோம்.

பி.வி.சி. பிளாஸ்டிக் எரிந்தால் டையாக்ஸின் உண்டாகும். இது புற்றுநோயை வரவழைக்கும் நஞ்சு. புகையிலுள்ள நுண்துகள்களோ நுரையீரலின் அடிவரை போய்விடும். குழந்தைகள், கர்ப்பிணிகள், ஆஸ்துமாக்காரர்கள், குப்பை அள்ளும் தொழிலாளர்கள் ஆகியோருக்கு ஆபத்து அதிகம்.

புகை சூழ்ந்தால் ஜன்னல்களை மூடுங்கள். ஈரத்துணி நுண்துகளைத் தடுக்காது. என்-95 முகக்கவசம் போடுங்கள். இருமலுக்கு ஆடாதோடைக் குடிநீர் இதம் தரும்; கர்ப்பிணிகளுக்கு ஆகாது. மூச்சு திணறினால் கஷாயத்தை நம்பிக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

பிளாஸ்டிக்கைத் தனியே பிரித்துக் கொடுங்கள். உங்கள் தெரு மூச்சு விடட்டும்!